‘தி லைஃப்’: பார்த்தவர்கள் மறந்ததும் மறக்காததும்

ஒரே நாடகத்தை ஒரே இரவில் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேரிடம் இருபது வருடம் கழித்து அதைப் பற்றிக் கேட்டால், இரண்டு வேறு நாடகங்களைப் பற்றிச் சொல்வார்கள். எல்லா நாடகத்துக்கும் இது பொருந்தும். ஆனால் 1997-ல் பிராட்வேக்கு வந்த ‘தி லைஃப்’ என்ற இசை நாடகத்துக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும். ஒருவருக்கு அது வயிறு குலுங்கச் சிரித்த இரவு. இன்னொருவருக்கு இடைவேளையிலேயே எழுந்து போய்விடலாமா என்று யோசித்த இரவு. மூன்றாமவருக்கு ஒரு பெண் குரல் மட்டும் ஞாபகம் இருக்கும், கதை சுத்தமாக மறந்திருக்கும்.

ஞாபகம் ஏன் இப்படிப் பிரிகிறது? நினைவாற்றல் குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த நாடகத்தின் விஷயத்தில் காரணம் அரங்கத்துக்கு வெளியே, தெருவில் இருக்கிறது.

முதலில் நாடகம் என்ன என்று பார்த்துவிடுவோம்.

‘தி லைஃப்’ 1997 ஏப்ரல் 26 அன்று நியூயார்க்கின் 47-ம் தெருவில் உள்ள எதெல் பேரிமோர் அரங்கத்தில் தொடங்கியது. இசை சை கோல்மன். பாடல்கள் ஐரா காஸ்மன். கதை வசனத்தை இவர்கள் இருவரும் டேவிட் நியூமனும் சேர்ந்து எழுதினார்கள். இயக்கம் மைக்கேல் பிளேக்மோர். இதற்கு ஏழு வருடம் முன்பே, 1990-ல், நகரின் தென்பகுதியில் வெஸ்ட்பெத் என்ற சிறிய அரங்கத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தார்கள். 1996-ல் லைசா மின்னலி, லூ ரால்ஸ் போன்ற பிரபல பாடகர்களை வைத்துப் பாடல்களை மட்டும் தனி ஆல்பமாகவும் வெளியிட்டார்கள். ஆக, நாடகம் பெரிய மேடைக்கு வரும் முன்பே அதன் மெட்டுகள் சிலர் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

கதை நடப்பது சுமார் 1980-ல், டைம்ஸ் சதுக்கத்தில். குவீன் என்ற பெண் உடலை விற்றுப் பிழைக்கிறாள். அவளுடைய காதலன் ஃபிளீட்வுட் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய், இப்போது போதைக்கு அடிமை. காதலனும் அவனே, தரகனும் அவனே. இருவரும் இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று அவள் சேர்த்து வைத்த காசு அவன் மூக்கு வழியாகப் போய்விடுகிறது. மினசோட்டாவிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் மேரி என்ற வெள்ளைக்காரப் பெண்ணை ஜோஜோ என்ற எத்தன் அவனிடம் கொண்டுவந்து சேர்க்கிறான். அந்தப் பகுதியின் பெரிய தரகன் மெம்ஃபிஸ் குவீன் மேல் கண் வைக்கிறான். அழகான உடை ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறான். அது பரிசல்ல, கடன் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிகிறது. கடைசியில் ரத்தம் சிந்துகிறது. தோழி சோன்ஜா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு குவீனைப் பேருந்து ஏறித் தப்பிப் போகச் சொல்கிறாள்.

இதில் பாட்டும் நடனமும் எங்கே வரும் என்று கேட்கத் தோன்றும். வருகிறது, நிறையவே வருகிறது. இந்த நாடகத்தின் பலமும் அதுதான், சங்கடமும் அதுதான்.

இப்போது தெருவுக்கு வருவோம்.

டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய 42-ம் தெரு, குறிப்பாக ஏழாவது அவென்யூவுக்கும் எட்டாவது அவென்யூவுக்கும் இடைப்பட்ட பகுதி, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நியூயார்க்கின் மோசமான இடம் என்று பெயர் எடுத்திருந்தது. ஒரு காலத்தில் பெரிய நாடக அரங்கங்களாக இருந்தவை ஆபாசப் படக் கொட்டகைகளாகிவிட்டன. காசு போட்டு எட்டிப் பார்க்கும் கடைகள், போதை மருந்து விற்பவர்கள், வாசலில் நிற்கும் பெண்கள். பிராட்வேயில் நாடகம் பார்க்க வந்தவர்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்து போவார்கள்.

தொண்ணூறுகளில் அந்தத் தெருவைக் கழுவித் துடைக்கும் வேலை மும்முரமானது. 1995-ல் நகர நிர்வாகம் ஆபாசக் கடைகளை வீடுகள், பள்ளிகள், வழிபாட்டு இடங்களிலிருந்து 500 அடி தள்ளி வைக்கும் சட்டம் கொண்டுவந்தது. வழக்குகள் நடந்து, 1998-ல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சரி என்றது. அதே 1995-ன் கடைசியில் நியூ விக்டரி அரங்கம் குழந்தைகளுக்கான நாடகக் கொட்டகையாகத் திறக்கப்பட்டது. பாழடைந்து கிடந்த நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கத்தை டிஸ்னி நிறுவனம் புதுப்பித்து, 1997 நவம்பரில் அங்கே ‘லயன் கிங்’ நாடகத்தைத் தொடங்கியது.

தேதிகளைக் கொஞ்சம் சேர்த்து வைத்துப் பாருங்கள். ‘தி லைஃப்’ ஓடியது 1997 ஏப்ரல் முதல் 1998 ஜூன் வரை. எந்தப் பெண்களைத் தெருவிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார்களோ, அவர்களையே ஐந்து தெரு தள்ளி மேடையில் ஏற்றி, விளக்குப் போட்டு, டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள்!

பார்வையாளர்களின் ஞாபகம் பிரியும் இடம் இதுதான். தெருவை முன்பே அறிந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். தெருவே தெரியாத வெளியூர்க்காரர் வேறு மாதிரி பார்த்தார். எழுபதுகளில் அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போன ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்கு மேடையில் இருந்த டைம்ஸ் சதுக்கம் ரொம்பச் சுத்தம். நாற்றம் இல்லை, குப்பை இல்லை, பெண்கள் எல்லோரும் பளபளப்பாக இருக்கிறார்கள். “இது பொய்” என்று அவருக்குத் தோன்றியிருக்கும். மத்திய அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்த ஒருவருக்கோ அதே மேடை ரொம்ப அழுக்கு. “பிள்ளைகளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தோம்” என்று தோன்றியிருக்கும். மேடை ஒன்றுதான். அழுக்கின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஞாபகம் ஒன்று உண்டு. அது லில்லியஸ் ஒயிட்.

சோன்ஜாவாக நடித்த அவருக்கு முதல் பாதியில் ஒரு பாட்டு. உலகின் மிகப் பழைய தொழிலுக்குத் தனக்கு வயதாகிவிட்டது என்று புலம்பும் பாட்டு. எத்தனை வருடம், எத்தனை ஆண்கள், கால் எப்படி வலிக்கிறது என்று கணக்குப் போடுகிறாள். வேடிக்கையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவர் அதைப் பாடி முடிக்கும்போது அரங்கம் அதிர்ந்தது என்பதில் பார்த்தவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. கதை மறந்தவர்கள்கூட அந்தப் பாட்டை மறக்கவில்லை.

ஆனால் அதற்குள்ளேயும் பிரிவு இருக்கிறது. சிலர் அதைச் சிரிப்புப் பாட்டாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள், சிலர் களைப்புப் பாட்டாக. பாட்டைக் கவனித்துக் கேட்டால் இரண்டும் அதில் இருக்கின்றன. தொடக்கத்தில் சிரிக்க வைத்து, சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரலில் களைப்பை ஏற்றிக்கொண்டு போகிறாள். சிரிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் தனக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு பெண் தன் உடம்பு தேய்ந்து போனதைச் சொல்கிறாள், ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் நடிகைக்கா, சோன்ஜாவுக்கா? நடிகைக்குத்தான் என்று சொல்லி நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். போனவர்களும் உண்டு. வழியெல்லாம் உறுத்தலோடு போனவர்களும் இருந்திருப்பார்கள்.

இன்னொரு பாட்டு, பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து ‘என் உடம்பு என் சொந்த விஷயம்’ என்று அறைகூவும் பாட்டு. நாடகத்துக்கு வராதவர்களுக்கும் அது அறிமுகம், ஏனென்றால் அந்த வருடத்து டோனி விருது விழாவில் தொலைக்காட்சியில் அதை ஆடிக் காட்டினார்கள். சிலருக்கு அது பெண்ணுரிமை முழக்கம். சிலருக்கு அது பெரிய ஏமாற்று, ஏனென்றால் கதையில் அந்தப் பெண்களில் பெரும்பாலோரின் உடம்பு அவர்கள் சொந்தமாக இல்லை, தரகன் கையில் இருக்கிறது. மெம்ஃபிஸ் அடிக்கும்போது அந்தப் பாட்டு எங்கே போனது? இந்தக் கேள்வி நாடகத்தின் குறையா, அல்லது நாடகமே வேண்டுமென்று எழுப்பியதா என்பதில் இன்றைக்கும் உடன்பாடு கிடையாது. பாட்டுக்கும் கதைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளிதான் நாடகத்தின் உண்மையான பகுதி என்றும் வாதாடலாம். வாயில் சுதந்திரம், கணக்கு நோட்டில் கடன்.

மெம்ஃபிஸாக நடித்த சக் கூப்பரைப் பற்றிய ஞாபகம் வேறு வகை. ஆழ்ந்த குரல், பெரிய உருவம், அமைதியான பேச்சு. இந்த மாதிரி ஆள் கத்த வேண்டியதில்லை, பக்கத்தில் வந்து நின்றாலே போதும். அவர் இனிமையாகப் பாடப் பாட, பார்வையாளர்களும் குவீனைப் போலவே கொஞ்ச நேரம் மயங்கிவிடுகிறார்கள். பிறகு அவன் கை ஓங்கும்போதுதான் தானும் ஏமாந்தோம் என்று தெரிகிறது. வில்லனை ரசித்ததற்காக வெட்கப்பட வைத்த நடிப்பு. லில்லியஸ் ஒயிட்டுக்கும் சக் கூப்பருக்கும் துணை நடிப்புக்கான டோனி விருதுகள் கிடைத்தன.

விருது என்று வந்ததால் அந்தக் கணக்கையும் சொல்லிவிடலாம். அந்த வருடம் ‘தி லைஃப்’ 12 டோனி பரிந்துரைகள் பெற்றது. கிடைத்தது இந்த இரண்டுதான். சிறந்த இசை நாடகம் விருது ‘டைட்டானிக்’குக்குப் போனது. அது 5 பரிந்துரை பெற்று ஐந்தையும் வென்றது. டிராமா டெஸ்க் விருதில் ‘தி லைஃப்’ சிறந்த இசை நாடகமானது. 466 காட்சிகள் ஓடிவிட்டு 1998 ஜூன் 7-ல் நின்றது. பிராட்வே அளவுகோலில் இது படுதோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த ‘ரென்ட்’ 5,123 காட்சிகள் ஓடியது. அதிலும் வறுமை உண்டு, போதை உண்டு, எய்ட்ஸ் உண்டு. ஆனால் அதில் இருந்தவர்கள் இளைஞர்கள், கலைஞர்கள். பார்வையாளர் தன்னையோ தன் பிள்ளையையோ அவர்களிடத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. சோன்ஜாவின் இடத்தில் யார் தன்னை வைத்துப் பார்ப்பார்கள்?

சை கோல்மனுக்கே இது பழைய பாக்கி என்றும் சொல்லலாம். 1966-ல் அவர் இசையமைத்த ‘ஸ்வீட் சேரிட்டி’, ஃபெலினியின் ‘நைட்ஸ் ஆஃப் கபீரியா’ என்ற இத்தாலியப் படத்தைத் தழுவியது. படத்தில் நாயகி விலைமாது. பிராட்வேக்கு வந்தபோது அவளைக் காசுக்கு நடனமாடும் பெண்ணாக மாற்றிவிட்டார்கள். முப்பத்தொரு வருடம் கழித்து ‘தி லைஃப்’ நாடகத்தில் அந்தத் திரையை எடுத்துவிட்டார். தொழிலின் பெயரை நேராகச் சொன்னார். ஆனால் மெட்டுகள் இன்னும் அதே பிராட்வே மெட்டுகள். ஜாஸ் துள்ளல், பித்தளை வாத்தியம், முடிவில் கை தூக்கி நிற்கும் வரிசை. விஷயம் 42-ம் தெரு, உடுப்பு பிராட்வே. பிடித்தவர்களுக்குப் பிடித்ததும் பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காமல் போனதும் இதே காரணத்தால்தான்.

அன்று குறைவாகவும் இன்று அதிகமாகவும் பேசப்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. எழுதியவர்கள் மூவரும் வெள்ளைக்காரர்கள். மேடையில் அடிபடுபவர்களும் அடிப்பவர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். வெள்ளைக்காரப் பெண் மேரி மட்டும் ஒருவழியாக ‘முன்னேறி’ லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறாள், அதுவும் ஆபாசப் பட உலகத்துக்கு. அந்த அரங்கத்தை வைத்துப் பார்க்கும்போது இது இன்னும் உறைக்கிறது. 1959-ல் லொரைன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ அரங்கேறியது இதே எதெல் பேரிமோரில்தான். பிராட்வேயில் ஏறிய முதல் கறுப்பினப் பெண் எழுத்தாளரின் நாடகம் அது. தங்கள் வீட்டைத் தாங்களே எழுதிக் காட்டிய நாடகம். அதே மேடையில் 38 வருடம் கழித்து அவர்களின் தெருவை வேறு யாரோ எழுதிக் காட்டினார்கள். கறுப்பினப் பார்வையாளர் ஒருவரின் ஞாபகத்தில் லில்லியஸ் ஒயிட்டின் குரலைக் கேட்ட பெருமையும் இந்தக் கசப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது நியாயமே.

ஞாபகம் அப்படியே இருப்பதும் இல்லை. பின்னால் நடப்பவை அதைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. மேரியாக நடித்த பெல்லமி யங் பிறகு ‘ஸ்கேண்டல்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் ஜனாதிபதியின் மனைவியாக வந்து புகழ் பெற்றார். “அட, அந்தப் பேருந்தில் வந்து இறங்கிய பெண்தானே இவர்!” என்று பழைய நிகழ்ச்சிக் கையேட்டைத் தேடி எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். நாடகத்தின் பாடல்கள் இசைத்தட்டாகக் கிடைக்கின்றன, வசனமும் அடியும் அதில் கிடைப்பதில்லை. வருடக்கணக்காகப் பாட்டை மட்டும் கேட்பவருக்கு நாடகம் மெல்ல மெல்லச் சந்தோஷமான நாடகமாக மாறிவிடுகிறது. இதுவும் ஒருவகை மறதிதான்.

2017-ல் லண்டனில் சதக் பிளேஹவுஸ் என்ற சிறிய அரங்கத்தில் மைக்கேல் பிளேக்மோரே மறுபடியும் இயக்கினார். ஷரன் டி. கிளார்க் சோன்ஜாவாக நடித்தார். அந்தச் சின்ன இடத்தில் பார்வையாளருக்கும் நடிகருக்கும் நடுவில் சில அடிகள்தான். பெரிய அரங்கத்தின் பாதுகாப்பான தூரம் அங்கே கிடையாது.

2022 மார்ச்சில் நியூயார்க் சிட்டி சென்டரில் ‘என்கோர்ஸ்’ வரிசையில் பில்லி போர்ட்டர் இதை எடுத்துக்கொண்டார். அப்படியே போடவில்லை, கதையைத் திருத்தினார். வயதான ஜோஜோ ஒருவன் நின்று பழைய கதையைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது போல் அமைத்தார். அந்தத் தெரு ஏன் அப்படி இருந்தது, யார் அதற்குக் காரணம் என்பதையும் பேச வைத்தார். உடனே சண்டை வந்தது. பழைய நாடகத்தை நேசித்தவர்களில் பலர் இது உபதேசம் ஆகிவிட்டது என்றார்கள். எதிர்ப்பக்கத்தில், முன்பு சொல்லாமல் விட்டதைச் சொல்ல இப்போதாவது ஒருவர் வந்தாரே என்றார்கள். சண்டை போட்டுக்கொண்ட இரு தரப்புமே தங்கள் ஞாபகத்தில் இருந்த 1997-க்காகத்தான் சண்டை போட்டார்கள். ஒரு தரப்புக்கு அது குறையில்லாத ஞாபகம். மறு தரப்புக்கு அது பாதி மட்டும் சொல்லப்பட்ட ஞாபகம்.

இத்தனை ஞாபகங்களில் ஒரு தரப்பின் ஞாபகம் மட்டும் இல்லை. உண்மையில் அந்தத் தெருவில் நின்ற பெண்கள். நாடகம் ஓடிய பதினான்கு மாதங்களில் அவர்களில் யாராவது டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்தார்களா? சோன்ஜாவின் பாட்டுக்கு அவர்கள் சிரித்திருப்பார்களா? யாரும் கேட்டு எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. கால்வலியைப் பற்றிய அந்தப் பாட்டு சரிதானா தப்பா என்று சொல்லத் தகுதி உள்ளவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நாடகத்தின் முடிவில் குவீன் பேருந்து ஏறிப் போகிறாள். பார்த்தவர்களில் அநேகம் பேருக்கு அந்தக் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறது. பேருந்து அவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை நாடகம் காட்டுவதில்லை. நியூயார்க்கின் பெரிய பேருந்து நிலையமான போர்ட் அத்தாரிட்டி எட்டாவது அவென்யூவில், 42-ம் தெருவை ஒட்டி இருக்கிறது. நாடகம் முடிந்ததும் நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர்கள் வீடு திரும்ப நடந்து போவதும் அதே நிலையத்துக்குத்தான். அரங்கத்திலிருந்து பத்து நிமிட நடை. மேடையில் ஒரு பெண் எந்த இடத்திலிருந்து தப்பிப் போனாளோ, அதே இடத்தின் வழியாக, கையில் நிகழ்ச்சிக் கையேட்டுடன், அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டு.

அந்த நடையில் யார் எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இன்றைக்கு அவர்களுடைய ‘தி லைஃப்’ இருக்கிறது.